டெங்கு ரிப்போர்ட்டை நாள் கணக்கில் படிப்பது எப்படி?

டெங்கு என்ற சந்தேகம் வந்துவிட்டால் நான்கைந்து நாளில் ஒரு கட்டு ரிப்போர்ட் சேர்ந்துவிடும். என்எஸ்1 பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ், பிளேட்லெட் 92,000 என்று அச்சடித்திருக்கும். வீட்டில் எல்லோரும் பிளேட்லெட்டை மட்டும் பார்த்துப் பதறுவார்கள். அதே தாளில் உடம்பின் எதிர்ப்பாற்றல் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் இருக்கிறது. சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தான். ஆனால் அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் சரியான நேரத்தில் அவரிடம் ஓடவும் இதைத் தெரிந்து வைத்திருப்பது உதவும்.

படி 1: காய்ச்சல் தொடங்கிய நாளைக் குறித்து வையுங்கள்

காய்ச்சல் தொடங்கிய நாள்தான் முதல் நாள். டெஸ்ட் எடுத்த நாளிலிருந்தோ அட்மிட் ஆன நாளிலிருந்தோ எண்ணக் கூடாது. காலண்டரில் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். இனி வரும் எல்லா எண்ணையும் இந்தக் கணக்கோடுதான் பார்க்க வேண்டும்.

கொசு கடித்தது அதற்கும் 4 முதல் 10 நாள் முன்னால். ஏடிஸ் வகைப் பெண் கொசு பெரும்பாலும் பகலில் கடிக்கும். கடிக்கும்போது அதன் எச்சிலோடு வைரஸும் தோலுக்குள் இறங்குகிறது. தோலில் இருக்கும் டென்ட்ரிடிக் செல்களுக்கு, வந்த கிருமியைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் மற்ற செல்களுக்குக் காட்டுவது வேலை. டெங்கு வைரஸ் அந்தச் செல்களுக்குள்ளேயே புகுந்து பெருகிக்கொள்கிறது. நிணநீர்க் கணுவுக்கு அதுவும் கூடவே போய்ச் சேர்ந்துவிடும்.

படி 2: முதல் நான்கு நாளில் என்எஸ்1, வெள்ளையணு

வைரஸ் புகுந்த செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிட்டு அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். காய்ச்சல், உடம்பு வலி, அசதி எல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரியான எதிர்ப்புப் புரதங்களால் வருபவை. இந்த நாட்களில் ரத்தத்தில் வைரஸ் நிறைய இருக்கும். வைரஸ் பெருகும்போது வெளிவரும் ஒரு புரதம்தான் என்எஸ்1. அதனால் முதல் நாளிலிருந்தே இந்த டெஸ்ட்டில் தெரியவரும், ஐந்தாம் நாளுக்குப் பிறகு குறையத் தொடங்கும்.

வெள்ளையணு 4,000-க்குக் கீழே இறங்குவதும் இந்தக் கட்டத்தில் வழக்கம். பிளேட்லெட் குறைவதற்கு முன்பே இது இறங்கிவிடுவதால், நல்ல முன்னறிகுறி.

வலிக்கு பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும், தொடவே கூடாது.

படி 3: ஐந்தாம் நாள் வாக்கில் ஐஜிஎம், ஐஜிஜி

வெள்ளையணுக்களில் ஒரு வகையான பி செல்கள், வைரஸில் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் என்ற புரதத்தைத் தயாரிக்கச் சில நாள் பிடிக்கும். அதில் முதலில் வருவது ஐஜிஎம், பின்னால் வந்து நிலைத்து நிற்பது ஐஜிஜி. முதல் முறை டெங்கு வந்தவருக்கு நான்கு, ஐந்தாம் நாள் வாக்கில் ஐஜிஎம் தலைகாட்டும். இரண்டாம் நாளில் ஐஜிஎம் பார்த்து "நெகட்டிவ், டெங்கு இல்லை" என்று நிம்மதி அடைவது தப்புக்கணக்கு. ஐஜிஜி அதற்கும் பிறகு, முதல் வாரக் கடைசியில் மெதுவாக ஏறும்.

ஆரம்ப நாட்களிலேயே ஐஜிஜி எகிறி நின்றால் கவனம் தேவை. இவருக்கு முன்பே ஒரு டெங்கு வந்து போயிருக்கலாம், அதை வெறும் வைரல் காய்ச்சல் என்று நினைத்துக் கடந்திருக்கலாம். இந்த மாதிரி நேரத்தில் பழைய எதிர்ப்பொருள் என்எஸ்1-ஐ ஒட்டிக்கொள்வதால் அந்த டெஸ்ட் நெகட்டிவ் என்று வரவும் வாய்ப்புண்டு.

இரண்டாம் டெங்கு ஏன் பயமுறுத்துகிறது? டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகை அநேகமாகத் திரும்ப வராது. மற்ற மூன்றுக்கும் எதிரான பாதுகாப்பு சில மாதங்களில் கரைந்துவிடும். பிறகு வேறு வகை நுழைந்தால் பழைய எதிர்ப்பொருள் அதன்மேல் ஒட்டும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. எதிர்ப்பொருள் ஒட்டிய எதையும் விழுங்குவது மேக்ரோஃபேஜ் செல்களின் வழக்கம். அப்படி விழுங்கும்போது வைரஸ் உயிரோடு உள்ளே போய் முன்னைவிட அதிகமாகப் பெருகுகிறது.

கியூபாவில் இது கண்கூடாகத் தெரிந்தது. 1977-இல் அங்கே முதல் வகை பரவியது, பெரும்பாலும் லேசான காய்ச்சல். 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு 158 பேர் இறந்தார்கள். 1997-இல் சாந்தியாகோ நகரில் மறுபடி இரண்டாம் வகை. இந்த முறை நிலைமை மோசமானவர்கள் அநேகமாக எல்லோரும் பெரியவர்கள். பழைய டெங்குவைப் பார்த்திராத பிள்ளைகள் தப்பித்தார்கள். இருபது வருஷம் ஆகியும் அந்தப் பழைய எதிர்ப்பொருளின் தாக்கம் போகவில்லை.

படி 4: காய்ச்சல் விட்டதும் பிசிவி

இந்தப் படியை மட்டுமாவது மறக்காதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வைரஸ் குறைந்துவிட்டது, ஆனால் அதை அழிக்கக் கிளம்பிய டி செல்கள் என்ற வெள்ளையணுக்களும், எதிர்ப்புச் செல்கள் வெளியிடும் சைட்டோகைன் என்ற தூதுப் புரதங்களும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அவற்றாலும் என்எஸ்1-ஆலும் ரத்தக்குழாய்களின் உள்பூச்சு தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. 24 முதல் 48 மணி நேரம் இது நீடிக்கும். "காய்ச்சல் விட்டாச்சு, வீட்டுக்குப் போகலாம்" என்று பலர் கிளம்புவதும் சரியாக இதே நேரத்தில்தான்.

கசிவைக் காட்டுவது பிசிவி, அதாவது ஹெமட்டோக்ரிட். ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்ற கணக்கு. நீர் வெளியேறினால் ரத்தம் கெட்டியாகி இந்த எண் ஏறும். முதல் நாளில் 38 இருந்தது, ஐந்தாம் நாளில் 46 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றம், கணிசமான கசிவு. கூடவே பிளேட்லெட்டும் மளமளவென்று சரிந்தால் தாமதிக்கவே கூடாது. முதல் நாட்களின் சிபிசி (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை) ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடக் கூடாது என்பது இதனால்தான். ஒப்பிட அது இல்லாவிட்டால் 46 என்பது நார்மல் போலவே தெரியும்.

பிளேட்லெட் மட்டும் குறைந்து, ரத்தக்கசிவு இல்லாமல், மற்றபடி ஆள் தெம்பாக இருந்தால் பிளேட்லெட் ஏற்றுவது பொதுவாகத் தேவைப்படாது. எண்ணைவிட ஆளைப் பாருங்கள். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிடுதல், மயக்கம் அல்லது படபடப்பு, ஆறு மணி நேரமாகச் சிறுநீரே வராமல் இருப்பது: இதில் ஒன்று இருந்தாலும் நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

படி 5: மீளும் நாட்கள்

கசிந்த நீர் அடுத்த இரண்டு மூன்று நாளில் ரத்தத்துக்குத் திரும்பும். பிசிவி இறங்கும், வெள்ளையணு ஏறும், அப்புறம் பிளேட்லெட்டும் தானாக ஏறும். பசி எடுக்கும், உடம்பில் அரிப்பு வரலாம். இந்த நேரத்தில் டிரிப்ஸைத் தேவைக்கு மேல் ஏற்றினால் நுரையீரலில் நீர் சேரும் ஆபத்து உண்டு. அதனால் டாக்டர் குறைத்தால் வற்புறுத்திக் கேட்காதீர்கள்.

ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் ரத்தத்திலேயே இருக்கும். அடுத்த மாதம் வேறு காய்ச்சல் வந்து டெஸ்ட் எடுத்தாலும் டெங்கு பாசிட்டிவ் என்று வரலாம். எனவே ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் வையுங்கள். எத்தனை வருஷம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் "எனக்கு முன்னாடி டெங்கு வந்திருக்கு" என்று அதை டாக்டரிடம் முதலில் நீட்டுங்கள்.