கேபின் அழுத்தக் கோளாறு: எழுதும்போதும் பேசும்போதும் நேரும் தவறுகள்

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி மலையில் இருப்பது போன்ற அளவில்தான் வைக்கப்படுகிறது. இதைக் 'கேபின் உயரம்' என்பார்கள். அது 10,000 அடியைத் தாண்டினால் விமானி அறையில் எச்சரிக்கை ஒலிக்கும். 14,000 அடி வாக்கில் பயணிகளின் தலைக்கு மேல் மாஸ்க்குகள் விழும்.

இந்த ஏற்பாட்டில் கோளாறு வரும்போது பலரும் செய்கிற முதல் தவறு, டெக் லாக்கில் (விமானத்தின் கோளாறுகளை எழுதிவைக்கும் பதிவேட்டில்) "அழுத்தம் சரியில்லை" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவது. அதை வைத்துக்கொண்டு பொறியாளர் எங்கே தேடுவார்? எந்த உயரத்தில், ஏறும்போதா இறங்கும்போதா, கேபின் உயரம் எவ்வளவு காட்டியது, எந்தக் கதவருகே சத்தம் கேட்டது என்பதெல்லாம் வேண்டும்.

இரண்டாவது, சோதனைக்காக மாற்றிய சுவிட்சை அப்படியே விட்டுவிடுவது. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குப் புறப்பட்ட ஹீலியோஸ் 522 விமானத்தில் நடந்தது இதுதான். முந்தைய பயணத்தின் ஊழியர்கள் பின்பக்கக் கதவைப் பற்றிப் புகார் எழுதியிருந்தார்கள். கசிவுச் சோதனை செய்த பிறகு அழுத்த சுவிட்ச் 'மேனுவல்' (கையால் இயக்கும்) நிலையிலேயே நின்றுவிட்டது. அதனால் விமானம் மேலேறியபோது கேபின் அழுத்தம் தானாகச் சீராகவில்லை. பொறியாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விமானிகளுக்கும் அதைக் கவனிக்க மூன்று வாய்ப்புகள் இருந்தன: புறப்படுமுன் சரிபார்க்கும்போது, இன்ஜினை இயக்கியபின், மேலெழுந்தபின்.

சுமார் 12,000 அடியில் எச்சரிக்கை ஒலித்தது. அந்த போயிங் 737 ரகத்தில் புறப்பாட்டு எச்சரிக்கைக்கும் (விமானம் புறப்படச் சரியாக அமைக்கப்படவில்லை என்று தரையில் ஒலிப்பது) அதே ஒலிதான், அதனால் விமானிகள் குழம்பினார்கள். தரையிலிருந்த பொறியாளரோடு ரேடியோவில் பேசியபோதும் கேப்டனின் கவனம் குளிரூட்டும் கருவிகள் மேலேயே இருந்தது. ஆக்சிஜன் குறையும்போது மூளை மங்குவது மங்குகிறவருக்கே தெரியாது. அதனால் முதலில் மாஸ்க், அப்புறம்தான் பேச்சு. 35,000 அடியில் அழுத்தம் சட்டென்று போனால் தெளிவாகச் செயல்பட அரை நிமிடம், அதிகம் போனால் ஒரு நிமிடம்தான் கிடைக்கும். ஹீலியோஸில் அழுத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. அதுதான் இன்னும் ஏமாற்றியது. விமானத்தில் இருந்த 121 பேரும் இறந்தார்கள்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது மூன்றாவது தவறு: "தரையில் சோதித்தோம், கோளாறு இல்லை" என்று எழுதிப் புகாரை மூடிவிடுவது. வெளியே மைனஸ் 50 டிகிரி குளிரில் விறைத்த கதவு ரப்பர் தரைக்கு வந்ததும் இளகிவிடும். தரையில் கசியவில்லை என்பதால் மேலேயும் கசியாது என்று எப்படிச் சொல்ல முடியும்? இதே வரி மூன்று நாளில் மூன்று தடவை வந்திருந்தாலும், ஒவ்வொன்றையும் தனித்தனியாக மூடியிருந்தால் அது ஒரே கோளாறு என்பது யார் கண்ணிலும் படாது. புதுப் புகாரை எழுதுமுன் பழைய பக்கங்களைப் புரட்ட இரண்டு நிமிடம் போதும்.