கீமோ நடக்கும் வீட்டில்: அக்கறையோடு செய்யும் தவறுகள்

புற்றுநோய்க்குக் கீமோ (கீமோதெரபி என்ற மருந்துச் சிகிச்சை) எடுக்கும் பலர் ஆஸ்பத்திரியில் இருப்பது சில மணி நேரம்தான். காலையில் ரத்தப் பரிசோதனை, டே கேர் வார்டில் டிரிப்ஸ், மாலையில் வீடு. அடுத்த கீமோ வரைக்குமான இரண்டு மூன்று வாரமும் வீட்டில் உள்ளவர்கள் பொறுப்புதான். அங்கே நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அலட்சியத்தால் வருவதில்லை. சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவருக்காக எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவு செய்வதால் வருகின்றன. அக்காவுக்கு அட்டெண்டராக இருந்த நாட்களில் பக்கத்துக் கட்டில்களிலும் இதையேதான் பார்த்தேன்.

முதலில் உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று: காய்ச்சல். வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவதுதான் கீமோ மருந்தின் வேலை. அதனால் எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை அணுக்களும் சேர்ந்து அடிவாங்கும். பல மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் கவுண்ட், அதாவது ரத்தத்தில் அந்த அணுக்களின் எண்ணிக்கை, அடிமட்டத்துக்குப் போகும். அந்தச் சமயத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தாலே அவசரம்தான். நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஆனால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “லேசாத்தான் சுடுது, ஒரு பாராசிட்டமால் போட்டுப் படு, காலைல பார்க்கலாம்” என்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். மாத்திரை சூட்டை இறக்கிவிடும். தொற்று உள்ளே பரவிக்கொண்டிருக்கும். வெள்ளை அணு குறைவாக இருக்கும்போது வீக்கமோ சீழோ வெளியே தெரியாமலும் போகலாம். காய்ச்சல் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும் அடையாளம், அதையும் மாத்திரை மறைத்துவிடுகிறது.

நோயாளியும் மறைப்பார். “பையன் நேத்துதான் லீவு போட்டான், மறுபடியும் அலைய விடணுமா” என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள், குறிப்பாக அம்மாக்கள். அதனால் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றைத் தலைமாட்டிலேயே வைத்துவிடுங்கள். காய்ச்சல் என்றால் உடனே சொல்வதுதான் எங்களுக்கு நீ செய்யும் உதவி என்று முதல் கீமோவுக்கு முன்பே பேசிவிடுங்கள். ஆஸ்பத்திரியின் இரவு நேர எண் எல்லார் ஃபோனிலும் இருக்கட்டும்.

அடுத்தது, பார்க்க வருகிறவர்கள். உடம்பு சரியில்லாதவரைப் போய்ப் பார்க்காவிட்டால் உறவு கெட்டுவிடும் என்பது நமக்கு ஊறிப்போன எண்ணம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக ஒரு வேன் உறவு வந்து இறங்கும். அதில் மூக்கு ஒழுகும் குழந்தை ஒன்றாவது இருக்கும். வந்தவர்கள், “முதல்ல எப்படித் தெரிஞ்சுது?” என்று கதையை ஆரம்பத்திலிருந்து கேட்பார்கள். போகும்போது, “எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், ஆறு மாசத்துல...” என்று பாதியில் நிறுத்துவார்கள். அந்தப் பாதி வாக்கியம் ஒரு மனுஷியை எத்தனை ராத்திரி தூங்கவிடாது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஒருவர் பேச்சுக்குப் பொறுப்பேற்பது நல்லது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவரே தகவல் போடட்டும், வருகிறவர்களுக்கு நாளும் நேரமும் அவரே சொல்லட்டும். சளி, இருமல், அம்மை உள்ள வீட்டிலிருந்து யாரும் வர வேண்டாம் என்று சொல்லத் தயங்கவே கூடாது.

சாப்பாட்டில் நடக்கும் தவறு கொஞ்சம் நுட்பமானது. தெம்பு வரட்டும் என்று, கீமோ அன்றைக்கே அவருக்கு மிகவும் பிடித்த மீன் குழம்பை வைத்துக் கொடுப்பார்கள். குமட்டலோடு சாப்பிட்ட பொருளை உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளும். அப்புறம் அந்தக் குழம்பின் வாசனையே ஆகாமல் போய்விடலாம். பிடித்ததைத் தெளிவான நாட்களுக்கு எடுத்து வையுங்கள். கீமோவை ஒட்டிய நாட்களில் தாளிக்கும்போது சமையலறைக் கதவை மூடிக்கொள்ளுங்கள். சூடு ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு, அதனால் இறங்குவதும் சுலபம். தட்டு நிறையப் போட்டு, “இன்னும் ஒரு வாய்” என்று உட்கார்ந்திருப்பதைவிட, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு இட்லியோ அரை டம்ளர் கஞ்சியோ போதும். வாயில் புண் இருந்தால் காரமும் புளியும் வேண்டாம். வாயில் உலோகச் சுவை தட்டுகிறது என்றால், எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள்.

கவுண்ட் ஏறும் என்று சொல்லி ஒருவர் பப்பாளி இலைச் சாறு கொண்டுவருவார், இன்னொருவர் ஏதோ ஒரு லேகியம். டாக்டருக்குத் தெரியாமல் இவற்றைக் கொடுப்பது ஆபத்து. சில மூலிகைகள், கீமோ மருந்தைக் கல்லீரல் கையாளும் விதத்தையே மாற்றிவிடும். கொண்டுவந்தவர் மனம் நோகுமே என்று குடிக்க வேண்டியதில்லை. “டாக்டரைக் கேட்டுட்டுச் சாப்பிடுறேன்” என்ற ஒரு பதில் போதும்.

மருந்தின் விளைவைத் தெரிந்துகொள்ளாமல் பயப்படுவதும் திட்டுவதும் உண்டு. டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து ஏற்றினால் ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும்; அது மருந்தின் நிறம். ஆக்ஸாலிபிளாட்டின் எடுப்பவர் ஃப்ரிட்ஜ் தண்ணீரைத் தொட்டாலே விரல் சுரீரென்று இழுக்கும், குடித்தால் தொண்டை அடைப்பதுபோல் இருக்கும். அவரிடம் ஜில்லென்று ஜூஸ் நீட்டக் கூடாது. வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையையும் ஏற்றும். “எதையாவது நெனச்சுக்கிட்டே இருந்தா எப்படித் தூக்கம் வரும்” என்று அவரைக் குறை சொல்வதற்கு முன்னால் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள்.

தனித் தட்டு, தனி டம்ளர் விஷயத்தைச் சொல்லும்போதே எனக்கு மனசு கனக்கிறது. புற்றுநோய் தொற்றாது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம், அதே டம்ளரைக் கழுவிப் பயன்படுத்தலாம். கவனம் வேண்டிய இடம் வேறு. கீமோ முடிந்து சுமார் 48 மணி நேரத்துக்குச் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து கலந்து வரும். கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். சுத்தம் செய்பவர் கையுறை போட வேண்டும். அழுக்கான துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். அவ்வளவுதான், அதற்காக ஆளையே மூலையில் உட்கார வைப்பது அநியாயம்.

“அவருக்கு எதுவும் சொல்லிடாதீங்க டாக்டர்” என்று மகன் காதோடு காதாகக் கேட்பதும் அந்த வகைதான். வார்டின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிந்தவரிடம் எதை மறைக்க முடியும்? தெரிந்தும் தெரியாததுபோல் அவரும் நடிப்பார், பயத்தைச் சொல்லி அழ ஒரு ஆள் இல்லாமல் போகும். குழந்தைகளிடமும் மறைக்க வேண்டாம். விஷயம் தெரியாத பிள்ளை, தான் அடம்பிடித்ததால்தான் அம்மாவுக்கு உடம்புக்கு வந்தது என்று நினைத்துக்கொள்ளும். முடி கொட்டும் மருந்தென்றால், முதல் கீமோவிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும், அப்புறம் வளரும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

நண்பர்களுக்கு ஒன்று. “ஏதாவது வேணும்னா சொல்லு” என்பதற்கு யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. “வியாழக்கிழமை பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து நான் கூட்டிட்டு வரேன், சரியா?” என்று கேளுங்கள். சும்மா அரட்டைக்கும் கூப்பிடுங்கள். நோயைத் தவிர வேறு எதையாவது பேச அவர் ஏங்கிக்கொண்டிருப்பார். முடிகிற நாளில் அவர் வெங்காயம் உரிக்கிறேன், பால் கணக்கு பார்க்கிறேன் என்றால் பிடுங்காமல் விடுங்கள்.

கடைசிக் கீமோ முடிந்ததும் கேக் வெட்டிவிட்டு, மறுவாரமே பழையபடி சமையலையும் ஆபீஸையும் எதிர்பார்ப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அசதி மாதக்கணக்கில் இருக்கும், கால் மரத்துப்போவது அதைவிட நீளலாம். அதுவரை சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் செய்த ஏற்பாட்டைக் கலைக்காதீர்கள். எதை எப்போது திரும்ப எடுத்துக்கொள்வது என்பதை அவரே சொல்லட்டும்.