பக்கவாதம்: கையைக் கவனித்து மூளையை மறந்துவிடும் தவறுகள்

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பந்து வந்துவிடுகிறது. பார்க்க வந்த உறவினர் ஒருவர் மெத்தென்ற ரப்பர் பந்தை விழுந்துபோன கையில் வைத்து, "அமுக்கிக்கிட்டே இருங்க மாமா, பலம் வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மாமாவும் நாள் முழுக்க அமுக்குகிறார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கின்றன. பிரிக்க இன்னொரு கை வேண்டியிருக்கிறது.

பந்துதான் மடக்கியது என்று பழி போட முடியாது. ஸ்ட்ரோக் வந்த கையின் போக்கே பெரும்பாலும் அப்படித்தான்: மடக்குவது முதலில் திரும்பும், விரிப்பது கடைசியில் வரும், சிலருக்கு வராமலே போகும். தானாக வருகிற வேலைக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வராத வேலையை விட்டுவிட்டோம் என்பதுதான் தவறு. பந்துக்குப் பதில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்துப் பாருங்கள். பிடிக்க வேண்டும், நகர்த்த வேண்டும், மேசைமேல் வைத்ததும் விட வேண்டும். அந்த விடுதல்தான் பயிற்சி. விரல் பிரியவில்லையென்றால் மணிக்கட்டைக் கீழ்நோக்கித் தளர்த்தினால் விரல்கள் கொஞ்சம் இளகும், அங்கிருந்து தொடங்கலாம்.

ஸ்ட்ரோக் வந்த முதல் நாளில் கைத்தசைக்கு எந்தக் குறையும் இல்லை. உத்தரவு போடும் மூளைப் பகுதிக்குத்தான் ரத்தம் நின்றது, அல்லது அங்கே ரத்தம் கசிந்தது. வீட்டில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன. அரை மணி நேரம் எண்ணெய் தேய்த்துவிட்டால் கைக்கு இதமாக இருக்கும், தோலுக்கும் நல்லதுதான். ஆனால் அந்த அரை மணி நேரம் தேய்ப்பவரின் மூளைதான் வேலை செய்கிறது, நோயாளியின் மூளை சும்மா இருக்கிறது. இன்னொன்று: உணர்ச்சி குறைந்த கையில் சூடான எண்ணெயையோ ஒத்தடத்தையோ வைத்தால், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சூட்டை அவருடைய நல்ல கையில் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். புறா ரத்தம் தேய்ப்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, புறா பாவம்.

நல்ல கை எல்லாவற்றையும் செய்துவிடும்போது

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டௌப், குரங்குகளின் ஒரு கையிலிருந்து வரும் உணர்வு நரம்புகளைத் தண்டுவடத்தின் அருகே துண்டித்துப் பார்த்தார். அசைக்கும் நரம்புகள் அப்படியே இருந்தன. ஆனாலும் குரங்கு அந்தக் கையைத் தொங்கவிட்டு மறு கையாலேயே எல்லாம் செய்தது. நல்ல கையைக் கட்டிப்போட்டதும் 'செத்துப்போன' கை வேலை செய்யத் தொடங்கியது. முதலில் முயன்று தோற்றது, பிறகு முயல்வதையே விட்டது; அதாவது, பயன்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டது. முடியாமை கொஞ்சம்தான், பழக்கம் போனது மிச்சம்.

இதிலிருந்து வந்த சிகிச்சையை 'எக்ஸைட்' என்ற ஆய்வு 222 பேரிடம் சோதித்து 2006-ல் முடிவை வெளியிட்டது. ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள். நல்ல கைக்கு ஒரு தடித்த கையுறை, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம், இரண்டு வாரத்துக்கு. அதோடு வார நாள்களில் தினமும் 6 மணி நேரம் வரை பயிற்சி. கிடைத்த முன்னேற்றம் ஒரு வருடம் கழித்தும் நின்றது.

இதைக் கேள்விப்பட்டதும் வீட்டில் செய்கிற தவறு, நல்ல கையைத் துணியால் கட்டிவிட்டு "இப்ப செய்ங்க" என்பது. வெறும் கட்டு சிகிச்சை ஆகாது. கட்டிய நேரத்தில் நடக்கும் பயிற்சிதான் சிகிச்சை. எல்லாக் கைக்கும் இது பொருந்தவும் செய்யாது. முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே தொங்கவிடச் சொல்லுங்கள். தொங்கும் கையை ஏறக்குறைய 20 டிகிரி தூக்க முடிகிறதா, விரல்களைக் கொஞ்சமாவது, ஒரு 10 டிகிரி, நீட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பிசியோதெரபிஸ்டிடம் இதைப் பற்றிப் பேசலாம். அசைவே இல்லாத கைக்கு இது வெறும் தண்டனை. நடக்கும்போதும், மாடிப்படியிலும், குளியலறையிலும், அடுப்படியிலும் நல்ல கையைக் கட்டவே கூடாது. விழப்போனால் பிடித்துக்கொள்ள அந்த ஒரு கைதான் இருக்கிறது.

கட்டாமலே செய்யக்கூடியது நிறைய. வலது கை விழுந்தால் நம் வீடுகளில் உடனே ஊட்ட ஆரம்பித்துவிடுகிறோம், இடது கையால் சாப்பிட அவருக்கே கூச்சமாக இருப்பதால். முதல் ஐந்து வாய் அந்த வலது கையாலேயே, இடது கை மணிக்கட்டைத் தாங்க, போகட்டும். அதற்குச் சோற்றைவிட இட்லித் துண்டு வசதி. ஐந்து வாய்க்குப் பிறகு ஸ்பூன், சாப்பாடு ஆறுவதற்குள். விழுந்தது இடது கை என்றால் தட்டு நகராமல் பிடிக்க, பேஸ்ட் வைக்கும்போது பிரஷ்ஷைப் பிடிக்க அதைக் கூப்பிடுங்கள்.

எத்தனை தடவை?

"எக்ஸர்சைஸ் பண்ணினாரா?" என்று கேட்டால் "பண்ணினார்" என்றுதான் பதில் வரும். எத்தனை தடவை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 தெரபி அமர்வுகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்த கேத்தரின் லாங் குழுவினர் 2009-ல் எழுதியது இது: கையால் ஒரு வேலையைச் செய்யும் பயிற்சி, ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32 தடவை. மூளையில் மாற்றம் தெரிந்த விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளைய எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருக்கிறது. பத்துத் தடவை கையைத் தூக்கிவிட்டு 'கை வரமாட்டேங்குது' என்று சோர்ந்துபோவது, பத்து நாள் சுருதிப்பெட்டி முன் உட்கார்ந்துவிட்டுக் கச்சேரிக்குக் கூப்பிடவில்லையே என்பதுபோல.

எண்ணிக்கையை ஏற்ற, பரணில் கிடக்கும் பல்லாங்குழியை இறக்குங்கள். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை என்று ஒரு முறை நிரப்பினாலே 70 தடவை எடுத்து விட்டாகிறது. எடுத்துப் போட்டால் இன்னொரு 70. கொட்டை சிறிதாகப் பட்டால் பாட்டில் மூடியும் சின்னக் கிண்ணங்களும். எளிதாகிவிட்டால் பலகையைத் தள்ளி வையுங்கள், அல்லது உண்மையாகவே ஆடுங்கள். எண்ணுவதும் அடுத்த குழியை யோசிப்பதும் சேர்ந்துகொள்ளும். ஒரே மூச்சில் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடமாக நாளைக்கு நாலைந்து முறை போதும்.

இங்கே ஒரு திருட்டு நடக்கும், கவனியுங்கள். கை நீளாதபோது உடம்பு முன்னே சாயும், தோள் காதைத் தொட ஏறும். டம்ளர் கிடைத்துவிடும், முழங்கை நீண்டிருக்காது. மடித்த வேட்டியை நெஞ்சைச் சுற்றி நாற்காலி முதுகோடு தளர்வாக, மூச்சு முட்டாமல் கட்டினால், முழங்கைதான் நீள வேண்டியிருக்கும். பயிற்சி முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். கட்டியபடி தனியாக விடக் கூடாது. சொல்லும் வார்த்தையும் முக்கியம். "முழங்கையை நீட்டுங்க, தோளைத் தூக்காதீங்க" என்றால் கவனம் உடம்புக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். "அந்தச் சொம்பைத் தொடுங்க" என்றால் கை தன் வழியைத் தேடும். அசைவின் விளைவில் கவனம் வைப்பவர்கள் நன்றாகக் கற்கிறார்கள் என்பது இயக்கக் கற்றலில் பலமுறை பார்த்த முடிவு.

ஒரே பயிற்சியை வரிசையாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது ஒழுங்காகத் தெரியும். 1979-ல் ஷே, மார்கன் இருவரும் மாணவர்களிடம் மூன்று கை அசைவுகளைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொன்றாக, மறு குழுவுக்குக் கலந்து. பயிற்சியின்போது கலந்து செய்தவர்கள் தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது அவர்களே முந்தினார்கள். அது நோயாளிகளிடம் செய்த ஆய்வல்ல என்பதால் அளவோடு எடுத்துக்கொள்ளலாம். ஓர் அசைவு பிடிபடும் வரை அதையே செய்து, பிடிபட்ட பிறகு டம்ளர், சீப்பு, சாவி என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது நியாயமான வழி.

தோள்பட்டை

கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதுதான் வீட்டில் நடக்கும் மிகப் பெரிய சேதம். தோள்மூட்டு ஆழமில்லாத குழி; பந்தைக் குழியில் நிறுத்தி வைப்பது சுற்றியுள்ள தசைகள். அவை தளர்ந்துவிட்டால் கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கும். தோள் எலும்பின் விளிம்புக்குக் கீழே விரல் வைத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும். அந்த நிலையில் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலோ, மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாலோ வலி தொடங்கும். வலி வந்தால் பயிற்சி நிற்கும்.

தூக்க வேண்டியது இடுப்பை. அகலமான துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள். அவருடைய பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேர்மேலே வரும்வரை முன்னால் சாயட்டும். அப்போது துண்டைப் பிடித்து உதவினால் பாதி பாரம் அவர் காலே தாங்கும். நிமிர்ந்து உட்கார்ந்தவரை அப்படியே மேலே தூக்கப் பார்ப்பதால்தான் தூக்குபவரின் முதுகும் போகிறது.

கதவுக்கு மேலே கயிறும் கப்பியும் மாட்டி, நல்ல கையால் இழுத்து விழுந்த கையை உயர்த்தும் ஏற்பாடும் பல வீடுகளில் உண்டு. 1990-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில், தெரபிஸ்ட் கையால் அசைத்த குழுவில் 8 சதவீதம் பேருக்குத் தோள்வலி வந்தது. கப்பி போட்ட குழுவில் 62 சதவீதம். தோள்பட்டைச் சிப்பி எலும்பு சுழலாமல் கையை மட்டும் உயர்த்தினால் இடையில் உள்ள தசைநாண்கள் நசுங்குகின்றன. கப்பியைக் கழற்றிவிடுங்கள். நாமே தூக்கிவிடும்போது தோள் உயரத்தோடு நிறுத்துவது பத்திரம். உட்கார்ந்திருக்கும்போது கைக்குக் கீழே தலையணை. கழுத்தில் மாட்டும் ஸ்லிங் நிற்கவும் நடக்கவும் மட்டும். நாள் முழுக்க ஸ்லிங்கில் கிடந்த கை மடங்கிய நிலையிலேயே இறுகும்.

இலையில் பாதி மிச்சம்

மூளையின் வலது பக்கம் அடிபட்டவர் முன்னால் இலை போட்டால், சில சமயம் வலது பாதி காலியாகி, இடது பக்கத்து உப்பும் ஊறுகாயும் பொரியலும் தொடாமலே இருக்கும். "பொரியல் பிடிக்கலையா?" என்று கேட்டால் "எங்கே வெச்சீங்க?" என்பார். கண்ணில் குறையில்லை. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் கவனத்துக்கு வருவதில்லை.

1978-ல் பிஸியாக், லுஸாட்டி என்ற இத்தாலியர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளிடம் மிலான் நகரத்தின் கதீட்ரல் சதுக்கத்தைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். கதீட்ரலைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது வலது பக்கக் கட்டடங்களையே சொன்னார்கள். கதீட்ரல் வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், சற்றுமுன் விட்டுப்போன கட்டடங்கள் வந்தன, முன்பு சொன்னவை மறைந்தன. நினைவுக்குள்ளேயே இடது பக்கம் காணாமல் போயிருந்தது.

"ஒழுங்கா பாருங்கப்பா" என்று அதட்டுவது இங்கே செல்லாது. மேசையின் இடது விளிம்பில் ஒரு பட்டைச் சிவப்பு டேப் ஒட்டி, அந்தச் சிவப்பைக் கண்டுபிடித்த பிறகே சாப்பாட்டில் கைவைக்கப் பழக்கலாம். பேசும்போது மெல்ல மெல்ல இடப்பக்கம் நகரலாம். அதற்காகத் தண்ணீரையும் அழைப்பு மணியையும் இடது பக்கம் வைத்துவிடாதீர்கள். பயிற்சி வேறு, பாதுகாப்பு வேறு. இவர்களில் சிலருக்குத் தன் கைகால் விழுந்ததே தெரியாது. எழுந்து நடக்கப் போய் விழுவார்கள். அது பிடிவாதம் அல்ல, நோயின் ஒரு பகுதி.

இடது மூளை அடிபட்டுப் பேச்சு போனவரிடம் உரக்கக் கத்துவதும் இதே வகைத் தவறுதான். காது கேட்கிறது. ஆமா, இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்டு, மனசுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். ஒன்று, இரண்டு என்று சரளமாக எண்ணுகிறார், பழைய பாட்டைப் பாடுகிறார், ஆனால் தண்ணீர் கேட்க வரவில்லை என்றால் நடிக்கிறார் என்று அர்த்தமில்லை. மனப்பாடமானது வேறு பாதையில் வருகிறது.

தண்ணீர், நடை, மாத்திரை

படுத்த நிலையில் கஞ்சி ஊற்றாதீர்கள். நேராக உட்காரவைத்து, டீஸ்பூன் அளவில், ஒரு வாய் இறங்கியதும் அடுத்தது. முடிந்து அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். கஞ்சியைவிடத் தண்ணீர் ஆபத்து, அது வேகமாக ஓடும். புரை ஏறவில்லையே என்று நிம்மதி அடையவும் முடியாது. இருமலே இல்லாமல் நுரையீரலுக்குப் போவதுண்டு. குடித்தபின் குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். விழுந்த பக்கக் கன்னத்தில் பருக்கை தங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து வாயைச் சுத்தம் செய்ய வேண்டும்.

நடக்கப் பழகுபவரிடம் கூடவே நடந்து பேச்சுக் கொடுக்காதீர்கள். 1997-ல் ஸ்வீடனில் 58 முதியவர்களிடம் நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேர் பதில் சொல்ல நின்றார்கள். அவர்களில் 10 பேர் ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். நடையும் பேச்சும் ஒரே கவனத்துக்குப் போட்டி போடுகின்றன. நடை நிலைத்த பிறகு, பிசியோ பக்கத்தில் இருக்க, பேசிக்கொண்டே நடப்பதையே பயிற்சியாகச் செய்யலாம்.

'மூளை டானிக்' விஷயத்தில் பணம்தான் கரைகிறது. சிட்டிகோலின் மருந்தை 2,298 பேரிடம் சோதித்த 2012-ம் ஆண்டு ஆய்வில் பலன் இல்லை. 118 பேரிடம் 2011-ல் நம்பிக்கை தந்த ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்து, 2018-ல் 3,127 பேரிடம் சோதித்தபோது கை கால் மீள உதவவில்லை. எலும்பு முறிவு கூடியது. மனச்சோர்வுக்காகக் கொடுத்திருந்தால் அது வேறு கணக்கு, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தவே கூடாத பி.பி. மாத்திரையைத்தான் "இப்ப பிரஷர் நார்மல்தானே" என்று பலர் நிறுத்துகிறார்கள். நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான்.

அவசரமும் தாமதமும்

சீக்கிரம் எழுப்பினால் சீக்கிரம் தேறும் என்பது எல்லோரும் நம்பியது. 2,104 பேர் சேர்ந்த 'அவெர்ட்' ஆய்வு, முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி, அதிகமாக நடமாடவைத்துப் பார்த்தது. மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தவர்கள் அந்தக் குழுவில் 46 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம். ஆகவே முதல் நாளின் அளவை ஆஸ்பத்திரியே முடிவு செய்யட்டும். மறுபக்கம், "மூணு மாசம் போச்சுன்னா அவ்வளவுதான்" என்பதும் தவறு. வேகம் முதல் மாதங்களில் அதிகம், உண்மை. ஆனால் எக்ஸைட் ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் மூன்று மாதம் தாண்டியவர்கள்தான்.

குடும்பத்தினருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் தெரபிஸ்ட் வேண்டாமே என்ற யோசனையும் இந்தியாவிலேயே சோதிக்கப்பட்டது. 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். 2017-ல் வெளிவந்த 'அட்டெண்ட்' ஆய்வில் ஆறு மாதம் கழித்து இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்திருந்தவர்கள், வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்த குழுவிலும் வழக்கமான கவனிப்புக் குழுவிலும் 47 சதவீதம். வீட்டார் கற்றுக்கொண்டது கூடுதலாக எதையும் மாற்றவில்லை. வீட்டார் கை வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. தெரபிஸ்டின் இடத்தை வீட்டார் நிரப்ப முடியாது என்றே எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. எந்த அசைவு, எந்த அளவு, எப்போது கடினமாக்குவது என்பதை அவர் முடிவு செய்ய வேண்டும். அவர் வந்துபோன பிறகு மிச்சமிருக்கும் நேரம் வீட்டாருடையது. சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டு, அன்றைக்கு அந்தக் கை எத்தனை கொட்டை எடுத்தது என்று தேதிக்குக் கீழே எழுதிவையுங்கள். அடுத்த முறை பிசியோ வரும்போது, அவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணை.