வாசல் புல்தரை: சித்திரை வெயில் முதல் மார்கழிப் பனி வரை

எங்கள் வீட்டு வாசலில் 300 சதுர அடிக்குப் புல்தரை இருக்கிறது. தாம்பரம் தாண்டி, களிமண் பூமி, போர்வெல் தண்ணீர். போட்டிருப்பது பெர்முடா, அதாவது நம் அருகம்புல் இனம்தான். அதோடு சில வருடம் மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். கொரியப் புல் வைத்திருந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான், வெட்டுகிற வேலை மட்டும் குறையும்.

சித்திரையில் எல்லோரும் செய்கிற தப்பு, தினமும் சாயங்காலம் ஹோஸைப் பிடித்து ஐந்து நிமிடம் நனைத்துவிட்டு வருவது. மேல்மண் மட்டும் நனைந்தால் வேர் எதற்குக் கீழே இறங்கும்? மேலேயே கிடக்கும், அப்புறம் இரண்டு நாள் மோட்டார் மக்கர் செய்தால் மொத்தமும் வைக்கோல். வாரத்துக்கு ஒரு அங்குலத் தண்ணீர், அதை இரண்டு தடவையாகப் பிரித்து விடிகாலையில் விடுங்கள். 300 சதுர அடிக்கு ஒரு அங்குலம் என்றால் சுமார் 700 லிட்டர், 1000 லிட்டர் மாடி டேங்கில் கிட்டத்தட்ட முக்கால்வாசி. அக்னி நட்சத்திரத்தில் இன்னும் ஒரு தடவை தேவைப்படலாம். தேவையா இல்லையா என்று புல்லே சொல்லும்: அதன்மேல் நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள், மிதிபட்ட புல் நிமிராமல் கால்தடம் அப்படியே கிடந்தால் தாகம். நிமிர்ந்துவிட்டதா, குழாயை மூடுங்கள்.

வெயில் காலத்தில் ஒட்ட வெட்டவும் கூடாது. ஒன்றரை அங்குலமாவது நிற்கட்டும், எப்போது வெட்டினாலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வெட்டிய மறுநாள் நுனியெல்லாம் வெளுத்து நார் நாராகத் தெரிந்தால் பிளேடு மொக்கை, சாணை பிடிக்கக் கொடுங்கள்.

ஆடியில் நாலு மழை விழுந்ததும் உரம் போடலாம். 100 சதுர அடிக்கு 100 கிராம் யூரியா போதும். புல் காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். ஒருமுறை நான் காலைப் பனி ஈரத்தோடு வீசிவிட்டு, தண்ணீரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காபி குடிக்கப் போய்விட்டேன். மூன்றாம் நாள் என் கை வீசிய திசையெல்லாம் வில் வில்லாகக் கருகிக் கிடந்தது, யார் வந்தாலும் கண்ணில் படுகிற மாதிரி.

களையில் கோரைதான் எமன். தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டையாகத் தட்டுப்பட்டால் அதுதான். இழுத்தால் தழை மட்டும்தான் கையோடு வரும், கிழங்கு உள்ளே இருந்துகொண்டு மறுபடி முளைக்கும். களைக்கொத்தை வைத்துக் கிழங்கோடு தோண்டுங்கள், அடுத்த மாதம் மறுபடி தோண்டுங்கள். வேறு குறுக்குவழியை நான் பார்க்கவில்லை.

புரட்டாசியில் செய்கிற வேலைதான் வருடத்திலேயே முக்கியம் என்பேன், ஏனென்றால் சென்னையின் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும், களிமண்ணில் அது வடியவே வடியாது. அரையடிக்கு ஒன்றாக, மூன்று நாலு அங்குல ஆழத்துக்குக் கடப்பாரையால் குத்திக்கொண்டே போங்கள். பிறகு சலித்த மணலையும் மண்புழு உரத்தையும் சரிபாதியாகக் கலந்து கால் அங்குல கனத்துக்குப் பரப்பி, துடைப்பத்தால் ஓட்டைக்குள் தள்ளிவிடுங்கள். எங்கள் அளவுக்கு ஐந்து சிமெண்ட் சாக்கு பிடிக்கும். புல் நுனி வெளியே தெரிய வேண்டும், மூடிப்போனால் மூச்சு முட்டிப்போகும்.

ஐப்பசி, கார்த்திகையில் பெரிய வேலை இல்லை. தண்ணீர் தேங்கிய தரையில் நடக்காதீர்கள், மண் இறுகிவிடும். ஈரத்தில் வெட்டாதீர்கள், யூரியா பக்கமே போகாதீர்கள், மழை அடித்துக்கொண்டு போய்விடும். வட்ட வட்டமாகப் பழுப்பேறினால் பெரும்பாலும் பூஞ்சை, அந்த நேரத்தில் உரம் அதற்குத்தான் தீனி. போர்வெல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்த இடமெல்லாம் இந்த மழையில் தானாகவே கழுவிப் போகும், அது ஒரு லாபம்.

மார்கழியில் வளர்ச்சி மந்தமாகிவிடும். வாரம் ஒரு தண்ணீர், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு வெட்டு, அவ்வளவுதான்.

வேப்பமரத்தடியில் மட்டும் எந்த மாதத்திலும் பெர்முடா பிடிக்கவில்லை. ஆறு மணி நேரமாவது நேர் வெயில் இல்லாத இடத்தில் அது வராது. மூன்று தடவை வாங்கிப் பதித்துப் பார்த்துவிட்டு அங்கே கூழாங்கல்லைக் கொட்டி, ஒரு பெஞ்சைப் போட்டுவிட்டேன்.