ஒரே ஒரு பட்டனைப் பற்றி எழுதுங்கள்

டிஜிட்டல் ஊடகமும் சமூகமும் பற்றிய பாடத்தில் நான் கொடுத்த முதல் கட்டுரையின் தலைப்பு, 'சமூக ஊடகங்கள் நன்மையா, தீமையா?' 12 பக்கம். திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் மூன்று கேள்விகள் இருந்தன: எந்த ஊடகம்? யார் கையில்? எந்தத் திரையில்? இன்று அதே பாடத்தை நடத்துகிறேன். பருவம் தொடங்கியதும் மாணவர்களிடம் நான் கேட்பதும் இந்த மூன்றைத்தான்.

அதனால் உங்கள் கட்டுரைக்குப் பட்டன் அளவுக்குச் சிறிய பொருளாக எடுங்கள். 2009ல் ஃபேஸ்புக்கில் வந்த லைக், வாட்ஸ்அப்பின் நீல டிக், எதுவானாலும் சரி. நான் வகுப்பில் செய்துகாட்டுவது வாட்ஸ்அப் ஃபார்வர்ட்.

ஒரு செய்தியை அழுத்திப் பிடியுங்கள், அம்புக்குறியைத் தொடுங்கள். பெயர்ப் பட்டியல் வரும். ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தபின் ஆறாவது பெயரைத் தொட்டால் ஏற்காது. பல கை மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்பு இருக்கும். அதை ஒரு நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டுமே அனுப்பலாம். எந்த இடத்தில் விரல் நின்றது, திரை என்ன சொன்னது, எல்லாவற்றையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் 'ஏன்' என்ற கேள்வி. உலகம் முழுக்க ஐந்து என்ற வரம்பு வந்தது 2019 ஜனவரியில். ஒருவருக்கு மட்டும் என்பது 2020 ஏப்ரலில். ஆனால் 2016லேயே செய்திகள் முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டுவிட்டன. போகிற வழியில் உள்ளே என்ன இருக்கிறது என்று நிறுவனத்தாலும் படிக்க முடியாது. உண்மையா பொய்யா என்று பார்க்க வழியில்லாதபோது, எத்தனை கை மாறியது என்று எண்ணலாம், வேகத்தைக் குறைக்கலாம். வதந்தியைத் தடுக்க வந்த விதி, நல்ல தகவலையும் அதே இடத்தில்தான் நிறுத்துகிறது. கட்டுரையின் வாதம் இங்கே பிறக்கிறது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், இரண்டு பக்கமாவது செலவிடுங்கள்.

கோட்பாட்டை இதற்குப் பிறகு படித்தால் போதும். பொருள்களுக்கு அரசியல் உண்டா என்று அமெரிக்க அரசியல் கோட்பாட்டாளர் லாங்டன் வின்னர் 1980ல் எழுதிய கட்டுரை பெரும்பாலும் பாடத்திட்டத்தில் இருக்கும். ஏழைகளும் கறுப்பினத்தவரும் ஏறி வரும் பேருந்துகள் வரக்கூடாது என்றே நியூயார்க் பக்கம் பாலங்களைத் தாழ்வாகக் கட்டினார்கள் என்பது அதில் வரும் புகழ்பெற்ற உதாரணம். அந்தக் கதையைக் கேள்விக்கு உட்படுத்தி ஜெர்மன் சமூகவியலாளர் பெர்ன்வார்ட் யோர்கஸ் 1999ல் எழுதினார். இரண்டையும் படிக்காமல் பாலத்தைக் கட்டுரைக்குள் கொண்டுவர வேண்டாம்.

நான்கைந்து பேரிடம் பேசுங்கள். "என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் கேட்டுப் பழகிய பதில்தான் வரும். "கடைசியாக அனுப்பியதைக் காட்டுங்களேன்" என்று கேளுங்கள். யாருக்கு அனுப்பினார், யாரை விட்டார், அனுப்பியபின் எதை அழித்தார் என்று அவர்களே சொல்லிக்கொண்டு போவார்கள். முன்கூட்டியே அனுமதி வாங்குவது கட்டாயம். குழுவில் நீங்கள் உறுப்பினர் என்பதற்காக மற்றவர்களின் செய்தி உங்கள் ஆய்வுப் பொருள் ஆகிவிடாது.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது பெயர், எண், முகப்படம் மூன்றையும் மறையுங்கள். கீழே தேதியும் செயலியின் பதிப்பு எண்ணும் எழுதுங்கள். அடுத்த அப்டேட்டில் அந்தத் திரையே இல்லாமல் போகலாம்.