மழைக்காலத்தில் டிரிப்பர் விழுந்துகொண்டே இருந்தால்: தொழில் பழகுபவர்களுக்கு ஒரு தேடல் முறை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எனக்கு வரும் போன்களில் நிறைய ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, டிரிப்பர் நிக்கவே மாட்டேங்குது. தூக்கி விட்டா உடனே விழுந்துடுது. வந்து டைரக்ட் பண்ணிக் குடுத்துடுங்க."

அவர்கள் டிரிப்பர் என்று சொல்வது ஆர்சிசிபியை, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பெட்டி. டைரக்ட் பண்ணுவது என்றால் ஆர்சிசிபியை விட்டுவிட்டு லைனை நேராக வீட்டுக்குள் கொடுப்பது. எத்தனை கெஞ்சினாலும் அதைச் செய்யாதீர்கள். ஹெல்ப்பராக இருந்து தனியாக வேலைக்குப் போகத் தொடங்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். அந்தப் பெட்டி விழுகிறது என்றால் அந்த வீட்டில் எங்கோ கரண்ட் கசிகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அது எதைப் பார்த்து விழுகிறது?

பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று ஆர்சிசிபி ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீடுகளில் நாம் போடுவது 30 மில்லி ஆம்பியர் ரகம். அந்த அளவுக்கு வித்தியாசம் வந்தால் விழுந்துதான் ஆக வேண்டும். 15-ஐத் தாண்டினாலே விழலாம். கசிந்த கரண்ட் ஈரச் சுவர் வழியாக, ஹீட்டர் பாடி வழியாக, சில சமயம் மனித உடம்பு வழியாக மண்ணுக்குப் போகிறது. ஓவர்லோடுக்கு இது விழாது, அது எம்சிபியின் (ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் இருக்கும் சிறிய பிரேக்கர் சுவிட்ச்) வேலை. ஒருவர் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தாலும் இது காப்பாற்றும் என்று நம்ப முடியாது. அதனால் ஆர்சிசிபி இருக்கிறதே என்று லைனில் கை வைக்கக் கூடாது.

படி 1: பெட்டியைத் திறக்கும் முன் பேசுங்கள்

எப்போது விழுகிறது? மழை பெய்தால் மட்டுமா, காலையில் ஹீட்டர் போட்டாலா, மோட்டார் ஓடும்போதா, நேரம் காலம் இல்லாமலா? சமீபத்தில் சுவரில் ஆணி அடித்தீர்களா? புதிதாக இன்வெர்ட்டர் வைத்தீர்களா? வீட்டில் சமைப்பவர், துவைப்பவரிடம் கேளுங்கள். எதைப் போட்டால் விழுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். இந்தப் பத்து நிமிடப் பேச்சு பல வீடுகளில் எனக்கு அரை நாள் வேலையை மிச்சப்படுத்தியிருக்கிறது.

படி 2: பிளக் எல்லாவற்றையும் பிடுங்குங்கள்

சுவிட்சை ஆஃப் செய்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்சி, அயர்ன் பாக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாம். பிறகு ஆர்சிசிபியைத் தூக்குங்கள். நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள்.

உப்புத் தண்ணீர் ஊர்களில் நான் முதலில் சந்தேகப்படுவது வாட்டர் ஹீட்டரின் எலிமெண்டை. மேல் உறை அரித்து ஊசித் துளை விழுந்திருக்கும். தண்ணீர் நன்றாகவே சுடும், ஆனால் கசியும். அடுத்தது தண்ணீர் மோட்டாரின் வயர் ஜாயிண்ட்.

படி 3: எம்சிபிகளை இறக்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்

பிளக்கைப் பிடுங்கியும் விழுந்தால் கோளாறு வயரிங்கில் இருக்கலாம். எல்லா எம்சிபியையும் இறக்கி, ஆர்சிசிபியைத் தூக்கி, ஒவ்வொரு எம்சிபியாக ஏற்றுங்கள். எது ஏறும்போது விழுகிறதோ அந்த சர்க்யூட்டில் தேடுங்கள்: வெளி விளக்கு, மொட்டை மாடி பாயிண்ட், ஒழுகும் சுவரில் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸ்.

படி 4: நியூட்ரலை மறக்காதீர்கள்

புதியவர்கள் திணறுவது இங்கேதான். எல்லா எம்சிபியும் இறங்கியிருக்கும், ஆனாலும் ஆர்சிசிபி விழும். உடனே "பெட்டி போச்சு" என்று புதிதை வாங்கிப் போடுவார்கள், அதுவும் விழும்.

காரணம் இதுதான். பெரும்பாலான டிபி பாக்ஸ்களில் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) எம்சிபி பேஸை மட்டும் துண்டிக்கும். நியூட்ரல்கள் எல்லாம் லிங்க் என்னும் பொதுப் பட்டையில் ஒன்றாகவே இருக்கும். எங்காவது ஒரு நியூட்ரல் வயர் நைந்து எர்த்தைத் தொட்டால், அந்த சர்க்யூட்டின் எம்சிபி இறங்கியிருந்தாலும் கோளாறு அப்படியே இருக்கும். வேறு அறையில் லோடு ஓடும்போது திரும்பும் கரண்டில் ஒரு பகுதி எர்த் வழியாகப் போய்விடும். அதனால்தான் "ஃபேன் போட்டா நிக்குது, அயர்ன் பாக்ஸ் போட்டா விழுது" என்பார்கள். அயர்ன் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இருக்காது.

மெயினை இறக்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள். மெயின் இறங்கியிருந்தாலும் அது உள்ளிருந்து 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு டிபி பாக்ஸில் வைத்துப் பாருங்கள். லிங்கில் உள்ள நியூட்ரல்களைக் கழற்றி, எது எந்த சர்க்யூட் என்று டேப் ஒட்டி எழுதுங்கள். நியூட்ரல் கழன்றிருக்கும் சர்க்யூட்டின் எம்சிபியை ஏற்றவே கூடாது. ஏற்றினால், ஆன் ஆகியிருக்கும் ஒரு பல்பு வழியாகவே அந்தக் கறுப்பு நியூட்ரல் வயரின் முனைக்குப் பேஸ் வந்துவிடும்.

மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) இருந்தால் இப்போது அரை மணி நேரத்தில் முடியும். எல்லாச் சாதனங்களும் எல்இடி விளக்குகளும் கழன்றிருக்கின்றனவா என்று பார்த்து, 500 வோல்டில் ஒவ்வொரு வயருக்கும் எர்த்துக்கும் இடையே சோதியுங்கள். 1 மெகா ஓம்முக்குக் கீழே காட்டும் வயர் கெட்டது. சாதாரண மல்டிமீட்டரை இதற்கு நம்பாதீர்கள். அது சில வோல்டில்தான் அளக்கிறது, ஈரக் கசிவு அதில் தெரியாமல் போகலாம்.

மெகர் இல்லையென்றால் ஒவ்வொரு நியூட்ரலாக மாட்டி, அந்த எம்சிபியை ஏற்றி, லோடு கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை மாட்டும் முன்பும் மெயினையும் இன்வெர்ட்டரையும் இறக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் வீடுகள்

இன்வெர்ட்டர் வைத்த பிறகுதான் விழுகிறது என்றால், இன்வெர்ட்டர் லைன் விளக்குகளின் நியூட்ரல் எங்கே போகிறது என்று பாருங்கள். பேஸ் ஆர்சிசிபி வழியாக வந்து, நியூட்ரல் அதற்கு முன்னால் இருக்கும் லிங்குக்குத் திரும்பினால், எந்த வயரும் கெடாமலே டிரிப் ஆகும். அந்த நியூட்ரலை ஆர்சிசிபிக்குப் பிறகு இருக்கும் லிங்குக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

ஆர்சிசிபியிலிருந்து வெளியேறும் இரண்டு வயர்களையும் மெயினை இறக்கிக் கழற்றிய பிறகும் விழுந்தால் மட்டும் பெட்டியை மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும், வீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டு 'டி' என்று எழுதியிருக்கும் டெஸ்ட் பட்டனை அவரையே அழுத்தச் சொல்லுங்கள். கண் முன்னால் விழட்டும். மாதம் ஒருமுறை இப்படி அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் அன்றைக்கே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.