ஜன்னலைத் திற, தம்பி: ஜெர்மன் குளிர்காலத்தில் நாம் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை, மாஸ்டர்ஸ் படிக்க வந்து இரண்டு மாதமே ஆன ஒரு தம்பியின் அறைக்குப் போயிருந்தேன். ஜன்னல் கண்ணாடி முழுக்க வியர்த்து, கீழே சட்டத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. ஹீட்டர் பக்கத்தில் துணி காய்கிறது, அடுப்பில் சோறு கொதிக்கிறது, ஜன்னல் இடுக்கில் துண்டு வேறு திணித்திருக்கிறான். "கதகதன்னு இருக்குல்லண்ணா?" என்றான். எனக்கு என் முதல் குளிர்காலம் ஞாபகம் வந்து பகீரென்றது.

ஜாக்கெட் வாங்குங்கள், குல்லா போடுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. குளிரே சொல்லிவிடும்.

ஜன்னலை மூடியே வைப்பது

ஸ்டுட்கார்ட்டில் என் முதல் வீடு. நவம்பரில் மூடிய ஜன்னலை மார்ச்சில்தான் திறந்தேன். காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை வெளியே விட மனசு வரவில்லை. படுக்கையறையில் ஹீட்டரே போடவில்லை. கதவைத் திறந்து வைத்தால் ஹால் சூடு அங்கேயும் போகும், பில் மிச்சம் என்று கணக்கு. சூடு போனதோ இல்லையோ, கூடவே ஈரமும் போய், வீட்டிலேயே குளிர்ந்த சுவராகப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. சமையல், குளியல், ஈரத்துணி, நம் மூச்சு என எல்லாம் சேர்ந்து ஏற்றும் ஈரம் அது. சூடான காற்று அதைத் தாங்கும். குளிர்ந்த சுவரில் பட்டதும் தண்ணீராக இறக்கிவிடும். பிப்ரவரியில் வெளிச்சுவரை ஒட்டி நின்ற அலமாரியை நகர்த்தினால், பின்னால் முழுக்கக் கறுப்புப் பூசணம்.

அதன் பிறகு செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். வீட்டுக்காரரிடம் சொல்லப் பயந்து, துடைத்துவிட்டு மேலே வெள்ளை பெயின்ட் அடித்தேன். ஆறே வாரத்தில் பெயின்ட்டைத் தாண்டி மறுபடி வந்தது. காலி செய்யும்போது 1,500 யூரோ கவுட்ஸியோனில், அதாவது அட்வான்ஸில், 900 பிடித்துக்கொண்டார். குறையைப் பார்த்த உடனே வாடகைதாரர் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். தெரிவிக்காமல் விட்டுச் சேதம் பெரிதானால் நம் தலையில்தான் விடியும். அந்தச் சுவரிலேயே ஏதாவது கோளாறு இருந்திருக்கலாம்; மூடி மறைத்தவன் பேச்சு எங்கே எடுபடும்? அந்த 900 யூரோவை நினைத்தால் இன்னமும் கடுப்புதான்.

சரி, என்ன செய்வது? ஷ்டோஸ்லுஃப்டன் என்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஹீட்டரைக் குறைத்துவிட்டு ஜன்னலை முழுசாகத் திறந்து ஐந்து நிமிடம். அதற்குள் காற்றுதான் மாறும். சுவரும் சாமானும் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் அறை சீக்கிரமே பழையபடி ஆகிவிடும். ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் சாய்த்து நாள் முழுக்க விடுவது வீண். சுற்றியுள்ள சுவர் சில்லிட்டு அங்கேயே பூசணம் வரும். சமைக்கும்போது சமையலறைக் கதவை மூடுங்கள், முடிந்ததும் ஜன்னலைத் திறங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலமாவது தள்ளிப் போடுங்கள். பத்துப் பதினைந்து யூரோவுக்கு ஈரப்பதம் காட்டும் கருவி கிடைக்கிறது. 60 சதவீதத்தைத் தாண்டினால் எழுந்து போய்த் திறக்க வேண்டியதுதான். பூசணம் கண்ணில் பட்டால் போட்டோ எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு எழுதிப் போடுங்கள். பெயின்ட் கடைக்குப் போகாதீர்கள்.

ஹீட்டரை 5இல் வைத்தால் சீக்கிரம் சூடாகும்

ஆகாது. ஹீட்டர் திருகில் இருக்கும் அந்த எண், அறை எவ்வளவு சூடாக வேண்டும் என்பதற்கு; 3 என்றால் சுமார் 20 டிகிரி. 5இல் விட்டுத் தூங்கினால், அடுத்த வருடம் வரும் நேபன்கோஸ்டன், அதாவது வாடகைக்கு மேல் கட்டும் ஹீட்டிங் போன்ற செலவுகளின் கணக்கைப் பார்த்ததும் தூக்கம் போய்விடும்.

டிசம்பர் 24ஆம் தேதி சாயங்காலம் பால் வாங்கிக்கொள்ளலாம்

மதியம் 2 மணிக்கெல்லாம் கடைகள் மூடிவிடும். 25, 26 இரண்டும் விடுமுறை. 2026இல் 26 சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு, அன்றும் கடை இருக்காது. ஆக மூன்று முழு நாள். ஒரு கிறிஸ்துமஸை நான் பெட்ரோல் பங்க் ரொட்டியில் ஓட்டியிருக்கிறேன். பெரிய ரயில் நிலையக் கடைகள் கைகொடுக்கும், ஆனால் விலை கொடுமை.

குளூவைன் கோப்பை

குளூவைன் என்பது சூடான மசாலா ஒயின். அதை வாங்கும்போது கோப்பைக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள். திருப்பிக் கொடுத்தால் அது திரும்பி வரும்.

பட்டாசு

டிசம்பர் 31, ஜனவரி 1 மட்டும்தான் வெடிக்கலாம். தீபாவளி ஏக்கத்தை அதுவரை அடக்கி வையுங்கள்.